வைபு குகைக்கு விளக்கும் வேண்டாம், கைப்பிடியும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நியூசிலாந்தின் வைபு குகையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வந்த வாசகர் கடிதத்தையும் சேர்த்தே படித்தேன். கட்டுரையில் எனக்கு ஒரு குறை, கடிதத்தில் பெரிய குறை. கட்டுரை எழுதியவர் டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது, வாசலில் கேட்க ஆளும் கிடையாது, நேராக உள்ளே போய் ஒளிப்புழுக்களைப் பார்க்கலாம் என்று ஆசைகாட்டிவிட்டு மழையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் முடித்துவிட்டார். கடிதம் எழுதியவரோ குகைக்குப் போய்விட்டு வந்தவர் போலிருக்கிறது. சேறு வழுக்குகிறது, இருட்டில் கால் வைக்கும் இடமே தெரியவில்லை, நம் ஆந்திராவின் போரா குகையில் போட்டிருப்பதுபோல விளக்குப் போட்டு, கைப்பிடிக் கம்பி வைத்து, நாலு ஆளை நிறுத்தி, ஒரு கட்டணமும் வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருந்தார். நிறைய குறையும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் ஆக்லாந்தில் இருப்பவள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு எப்படியோ என் தலையில்தான் விழுகிறது, அதனால் கொஞ்சம் உரிமையோடே எழுதுகிறேன்.

முதலில், போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்திலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம், வழியில் டீ குடித்தால் இன்னும் கொஞ்சம். வைபு சின்ன ஊர். 1850களில் நார்மன் மெக்லியோட் என்ற பாதிரியாரின் பின்னால் ஸ்காட்லாந்துக்காரர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பல் ஏறி வந்து குடியேறிய ஊர். இன்றைக்கும் ஜனவரி 1ஆம் தேதி பாவாடை கட்டி, பைப் ஊதி, மரத்தடியைத் தூக்கி எறிந்து விளையாட்டு நடத்துகிறார்கள். அன்றைக்குக் குகைக்குக் கிளம்பினால் ஊரைக் கடப்பதற்குள் பொழுது போய்விடும். ஊரைத் தாண்டியதும் பால் மாடுகள் மேயும் புல்வெளி, அப்புறம் தார் ரோடு முடிந்து சரளை ரோடு, அதன் முடிவில் ஒரு புல்தரை, ஒரு கழிப்பறை, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை வைத்த தகவல் பலகை. அந்தத் துறையை இங்கே எல்லோரும் சுருக்கமாக டாக் என்பார்கள். காரை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் குகையின் வாய். இவ்வளவுதான். கடை கிடையாது, போன் சிக்னலையும் நம்ப முடியாது.

சுண்ணாம்புக்கல் குகை நமக்குப் புதிதில்லை. மலேசியாவில் நம் ஆட்கள் காவடி எடுத்து 272 படி ஏறுகிற பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றுதான். ஆனால் பத்துமலையில் நாம் ஏறுகிறோம், வைபுவில் ஓடையோடு சேர்ந்து உள்ளே நடக்கிறோம். வித்தியாசம் அங்கேதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் சிப்பி, சங்கு, நுண்ணுயிர் ஓடுகள் எல்லாம் படிந்து இறுகிய கல் இது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, இந்தக் கல்லின் விரிசல்களில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பொந்தாக்குகிறது. வெளியே நடைபாதை ஓரத்தில் நிற்கும் பாறைகளைப் பார்த்தாலே மழையின் கைவேலை தெரியும், மேலிருந்து கீழே வரிவரியாக அரித்து வைத்திருக்கும். அவசரக்காரர்கள் இதைப் பார்க்காமல் நேராகக் குகைக்குள் ஓடிவிடுகிறார்கள். ஆகவே அந்த ஓடை குகைக்குள் வழிதவறி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், குகையைச் செய்ததே தண்ணீர்தான். நாம் நடக்கிற வழி அதனுடைய வழி. அன்பரின் கடிதத்துக்கு என் பதில் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

உள்ளே போனால் முதல் கூடம் பெரிது, வாசல் வெளிச்சம் ஓரளவு வரும், மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளையும் கீழிருந்து எழும் மேடுகளையும் டார்ச் அடித்துத் தாராளமாகப் பார்க்கலாம். அதைத் தாண்டி உள்ளே போகப்போகத்தான் புழுக்கள். ஒளிப்புழு இருக்கும் பாதை சுமார் 175 மீட்டர் என்று சொல்வார்கள். பாறை இடுக்கில் குனிந்து, கணுக்கால் தண்ணீரில், சில இடத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். செருப்போடு வந்து ஒற்றைச் செருப்பைச் சேற்றுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை பேன்ட் போட்டு வந்தவர்களையும்.

சரி, விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். அந்த அன்பர் அங்கே பார்த்தது மின்மினி இல்லை. நம் ஊரில் டாப்சிலிப் பக்கம் கோடையில் மரம் மரமாக மின்னுகிறதே, அது வண்டு இனம், ஜோடி தேடி மின்னுகிறது. இது கொசு மாதிரி இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் புழுப்பருவம். அரக்னோகாம்பா லுமினோசா என்பது அறிவியல் பெயர், இங்கத்திய பூர்வகுடிகளான மாவோரி மக்கள் டிட்டிவாய் என்பார்கள். நியூசிலாந்தைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது, உறவுக்காரப் புழுக்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. இது மின்னுவது ஜோடிக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. கூரையில் சளிபோன்ற பிசினால் ஒரு குழாய் கட்டி அதில் படுத்துக்கொண்டு, கீழே பட்டு நூல்களைத் தொங்கவிடுகிறது. ஒரு புழு எழுபது நூல் வரைகூட விடும். வால் நுனியில் நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். நம் உடம்பில் சிறுநீரகம் செய்கிற வேலையைப் பூச்சிகளுக்குச் செய்யும் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அதன் நுனிதான் இங்கே விளக்கு. ஓடையில் வளர்ந்து இறக்கை முளைத்து வெளிவரும் பொடிப்பூச்சிகள் அந்த வெளிச்சத்தை வெளிவாசல் என்று நினைத்து மேலே பறந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். புழு நூலை இழுத்து உள்ளே வாங்கிச் சாப்பிட்டுவிடும். பசி அதிகமானால் வெளிச்சமும் அதிகம். பக்கத்தில் இன்னொரு புழு நெருங்கி வந்தால் சண்டை போட்டு அதையும் தின்னும். 'எவ்வளவு சாந்தமாக இருக்கிறது' என்று உள்ளே வந்து கண்மூடி தியானம் செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கூரை தாழ்ந்த ஒரு இடத்தில் நின்று, டார்ச்சின் மேல் கைக்குட்டையைச் சுற்றி மங்கலாக்கிப் பக்கவாட்டில் பிடித்தால் இந்த நூல்கள் தெரியும். நூலில் கோத்த ஜவ்வரிசி மாதிரி ஒரே இடைவெளியில் பிசின் துளிகள், ஒவ்வொன்றும் பளபளவென்று. நாம் மூச்சு விட்டால் வரிசை முழுவதும் லேசாக ஆடும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிசின் குழாய்க்குள் புழு முன்னும் பின்னும் வழுக்கிப் போவதும் தெரியும். ஒரு நூலில் கால் மட்டும் மிஞ்சிய ஏதோ ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு உடனே டார்ச்சைத் தாழ்த்திவிட வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் பட்டால், சத்தம் போட்டால், பாறையைத் தட்டினால் புழு தன் விளக்கை மங்கவிட்டுவிடும். அது மங்கினால் நமக்குக் காட்சி போச்சு, அதற்குச் சாப்பாடு போச்சு. புழுவாக இருக்கும் மாதக்கணக்கான காலத்தில்தான் அது சாப்பிட முடியும். இறக்கை முளைத்த பிறகு அதற்கு வேலை செய்கிற வாயே கிடையாது, சில நாள் பறந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கூரைக்கு விளக்குப் போட்டால் என்ன ஆகும்? எதைப் பார்க்கக் காரோட்டி வந்தோமோ அது அணையும். பூச்சியெல்லாம் நம் பல்பைச் சுற்றும், புழு பட்டினி கிடக்கும். அதோடு முடியாது. குகைக்குள் நிரந்தரமாக விளக்குப் போட்ட இடங்களில் பல்பைச் சுற்றிப் பச்சையாகப் பாசி பிடிக்கும், சுண்ணாம்பு விழுது எல்லாம் நிறம் மாறும். பிரான்சில் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1948இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, வந்தவர்கள் விட்ட மூச்சுக்காற்றாலும் வெளிச்சத்தாலும் ஓவியங்கள் கெட ஆரம்பித்து 1963இல் இழுத்து மூடினார்கள், அசல் குகையைப் பொதுமக்கள் இன்றுவரை பார்க்க முடியாது. போரா குகை எனக்கும் பிடிக்கும், ஆனால் அங்கே கூரையில் இப்படி ஒன்று பட்டினி கிடக்கவில்லை.

கைடு வைத்து, டிக்கெட் போட்டு, ஒழுங்காக நடத்தும் இடம் வேண்டும் என்றால் அதுவும் இங்கே இருக்கிறது, வைட்டோமோ. 1887இல் டானே டினொராவ் என்ற மாவோரித் தலைவரும் பிரெட் மேஸ் என்ற ஆங்கிலேய நில அளவையாளரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு சிறு தெப்பத்தில் உள்ளே போய்ப் பார்த்த குகை. இரண்டு வருஷத்தில் டினொராவ் அதைச் சுற்றுலாவுக்குத் திறந்தார், 1906இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1989இல்தான் அவருடைய சந்ததிக்குத் திரும்பக் கொடுத்தது. படகில் உட்காரவைத்து, பேசக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லி, இருட்டில் இழுத்துக்கொண்டு போவார்கள். நன்றாகவே இருக்கும், காசும் நன்றாகவே ஆகும். ஆனால் அத்தனை கவனிப்பு இருந்த அந்தக் குகையிலேயே காற்றோட்டம் மாறி உள்ளே ஈரம் குறைந்துபோய், 1979இல் புழுக்களின் வெளிச்சம் பெருமளவு குறைந்து, சில மாதங்கள் மூடிவைக்க வேண்டி வந்தது. காற்று அடித்தால் நூல் சிக்கிக்கொள்ளும், உலர்ந்தால் பிசின் ஒட்டாது, புழுவே வற்றிவிடும். இன்றைக்குக் கருவி வைத்துக் கரியமில வாயு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்துகொண்டேதான் ஆளை உள்ளே விடுகிறார்கள். அவ்வளவு செலவு செய்து காப்பாற்ற முடிந்த இடம் ஒன்று இருக்கட்டும். சரளை ரோட்டு முனையில் இருக்கும் வைபுவில் ஒரு கதவும் நாலு பல்பும் மாட்டிவிட்டு அதை யார் அளப்பது?

கைப்பிடிக் கம்பி, நடைமேடை என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்தீவின் மேற்குக் கரையில் புனகைகி அருகே கேவ் கிரீக் என்று ஓர் இடம், அங்கேயும் சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்து ஓடும் ஓடை ஒன்று வெளிவருகிறது. அதை மேலிருந்து பார்க்க டாக் ஒரு மேடை கட்டியிருந்தது. 1995 ஏப்ரல் 28 அன்று மாணவர்கள் கூட்டமாக ஏறி நின்றபோது மேடை சரிந்து பள்ளத்தில் விழுந்து 14 பேர் செத்தார்கள். போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தது விசாரணையில் தெரிந்தது. முறையான பொறியாளர் வடிவமைப்பும் இல்லை. அதற்குப் பிறகு நாடு முழுக்க இருந்த மேடை, பாலம் எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஆகவே கம்பி இருந்தால் பத்திரம், இல்லாவிட்டால் ஆபத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் மனசு வராது. வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கும் குகைக்குள் வைக்கும் கம்பி எத்தனை நாள் உறுதியாக நிற்கும்? துருப்பிடித்து ஆடுகிற கம்பியை நம்பிச் சாய்வதைவிடப் பாறையை நம்பி நடப்பது மேல் என்பது என் கட்சி.

அப்புறம், இப்படிக் கேட்பாரற்றுத் திறந்துபோட்டிருக்கிறார்களே, யாராவது விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வார்கள் என்று என் மாமனார் கேட்டார். நல்ல கேள்வி. இங்கே 1974 முதல் ஏசிசி என்ற விபத்துக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. யார் தப்பு என்று பார்க்காமல் விபத்தில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும், சுற்றுலா வந்தவருக்கும் உண்டு. பதிலுக்கு, அடிபட்டதற்கு நஷ்டஈடு கேட்டு யார்மீதும் வழக்குப் போட முடியாது. அதனால்தான் விவசாயியும் தன் நிலத்தின் வழியே ஆளை விடுகிறார், அரசும் குகையைப் பூட்டாமல் வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை நம்பிப் பயணக் காப்பீடு எடுக்காமல் வந்துவிடாதீர்கள். ஏசிசி இங்கே நடக்கும் சிகிச்சைக்குத்தான், சம்பளம் போனதற்கோ கட்டுப்போட்ட காலோடு ஊர் திரும்பும் விமானச் செலவுக்கோ கொடுக்காது.

இனி மழை. கட்டுரையில் விடுபட்டதும் இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானதும் இதுதான்.

வைபுவுக்குக் கொஞ்சம் வடக்கே வாங்கரே நகரத்தின் ஓரத்தில் அபே குகைகள் என்று மூன்று குகைகள். அவையும் சுண்ணாம்புக்கல், அங்கேயும் ஒளிப்புழு, அங்கேயும் அப்போது டிக்கெட் கிடையாது, தானாகவே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2023 மே 9 அன்று கனமழை எச்சரிக்கை இருந்த நாளில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் அங்கே போனார்கள். குகைக்குள் இருக்கும்போது வெள்ளம் வந்தது. மற்றவர்கள் தப்பி வெளியே வந்தார்கள், ஒரு பையன் வரவில்லை. பதினைந்து வயது. அதன்பின் அந்தக் குகைகளை மூடினார்கள். கூட ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதை அந்த அன்பர் கவனிக்க வேண்டும். கூட ஆள் இருப்பதால் மட்டும் தண்ணீர் நிற்பதில்லை.

சுண்ணாம்புப் பிரதேசத்தில் வெள்ளம் வரும் விதம் நமக்குப் பழக்கமான ஆற்று வெள்ளம் மாதிரி இல்லை. மேலே மலைச்சரிவில் விழும் மழை, நிலத்தில் இருக்கும் குழிகள் வழியாகவும் விரிசல் வழியாகவும் மண்ணில் தங்காமல் நேராகக் கீழே இறங்கிவிடும். குகைக்குள் ஒரு குறுகலான இடம் இருந்தால் போதும், தண்ணீர் அங்கே தேங்கி மளமளவென்று கூரை வரை ஏறும். உள்ளே இருப்பவனுக்கு வானம் தெரியாது. வெளியே மழை கொட்டுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றால் ஓடைச் சத்தத்தில் அதுவும் கேட்காது. குகை வாசலில் வெயில் அடித்தாலும் மேட்டில் பெய்த மழை போதும். வடக்குப் பகுதி நியூசிலாந்தில் மழையும் அப்படித்தான், சாரல் என்று நினைத்து நிற்கும்போதே கொட்ட ஆரம்பித்துவிடும்.

இதை நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது ஒன்று உண்டு. உள்ளே நடக்கும்போது டார்ச்சைக் காலடியிலேயே வைத்திருக்காமல் ஒருமுறை சுவரின்மேல் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். தோள் உயரத்திலும் அதற்கு மேலும் பாறை இடுக்கில் சுள்ளி, காய்ந்த இலை, புல் எல்லாம் செருகிக்கொண்டிருக்கும். யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை. கடைசியாக வந்த வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது, இறங்கும்போது அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஊரிலிருந்து வந்த என் தம்பி, யார் என்ன சொன்னாலும் 'ஒண்ணும் ஆகாதுக்கா' என்று சொல்கிற ஆள், நெற்றிக்கு நேராகச் செருகியிருந்த ஒரு கட்டைக்குச்சியைப் பார்த்துவிட்டு, 'அக்கா, இன்னைக்கு மழை இல்லைன்னு போட்டிருந்தானில்ல?' என்று கேட்டான். போட்டிருந்தான். கிளம்புமுன் மெட்சர்வீஸ் வானிலைப் பக்கத்தைப் பார்ப்பது எங்கள் வீட்டில் பெட்ரோல் போடுவதற்கும் முந்திய வேலை. அன்றைக்கோ முந்தின நாளோ கனமழை பெய்திருந்தால், அல்லது மழை வரும் என்று போட்டிருந்தால் கிளம்ப மாட்டோம், ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பும் விமான டிக்கெட் மறுநாள் என்றாலும் சரி. ஓடைத் தண்ணீர் பழுப்பாக இருந்தாலோ நுரை மிதந்தாலோ வாசலிலிருந்தே திரும்பிவிடுவோம். உள்ளே இருக்கும்போது தண்ணீரின் சத்தமோ நிறமோ மாறினால் போட்டோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெளியே வந்துவிட வேண்டும். இதனால் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் உண்டு, இருக்கட்டும்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே கூட்டம் சேர்ந்தால் பாதிப் பேர் போன் டார்ச்சைக் கூரைக்கு அடித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். பிளாஷ் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சேற்றுப் பாறையின் படம்தான். புழு வெளிச்சம் படத்தில் வர வேண்டுமானால் மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, லென்ஸை அரை நிமிடமாவது திறந்துவைத்து, யாரும் நடக்காமல் நிற்க வேண்டும். முடியாதவர்கள் டார்ச்சை எல்லாம் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, முதலில் தெரிந்ததைவிடப் பலமடங்கு புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். குகைக்குள் இவை பகலிலும் ஒளிரும், அதனால் ராத்திரி போக வேண்டும் என்பதில்லை. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே வந்த ஒரு கோஷ்டியைப் பார்த்தேன், என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு வார்த்தை புரிந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சுண்ணாம்பு விழுதைத் தொட்டுப் பார்க்கிறவர்களும் அப்படித்தான். கையின் எண்ணெய்ப் பசை ஒட்டிவிட்டால் அந்த இடத்தில் கல் வளர்வது கெடும், கறையும் போகாது. நூற்றாண்டுக்கு விரல் நுனி அளவு வளர்வதே பெரிது என்னும் பொருளைத் தொட்டுப் பார்த்து நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? கூரையிலிருந்து சொட்டுகிற துளி தலையில் விழுந்தால் போதாதா?

கட்டுரையில் எழுதாத மற்ற சமாச்சாரங்களையும் சேர்த்துவிடுகிறேன். நெற்றியில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, கையில் இன்னொன்று, போன் டார்ச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஈரக்கையில் போன் நழுவினால் டார்ச்சும் போச்சு போனும் போச்சு. சைக்கிள் ஹெல்மெட் இருந்தால்கூடப் போட்டுக்கொள்ளுங்கள், கூரை தாழும் இடத்தில் எல்லோரும் ஒருமுறை இடித்துக்கொள்வார்கள். பிடிப்புள்ள பழைய ஷூ. மாற்று உடை காரில். தனியாகப் போகவே கூடாது, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் இருக்கிற யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நேரம் தாண்டினால் இங்கத்திய அவசர உதவி எண்ணான 111க்குக் கூப்பிடச் சொல்லியும் வைக்க வேண்டும். காரில் பாஸ்போர்ட், லேப்டாப் என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒதுக்குப்புறமான நிறுத்துமிடங்களில் கண்ணாடியை உடைத்து எடுப்பது இந்த அழகான நாட்டிலும் நடக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் கூடத்தைத் தாண்டாதீர்கள். தாண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், வழுக்குப் பாறையில் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன்.

வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள், அந்த அன்பரின் கடிதத்தில் நியாயமாகப் பட்டது அந்த ஒரு பகுதிதான், அவருடைய அம்மாவால் உள்ளே வர முடியவில்லையாம். என் மாமனாரும் வைபுவில் உள்ளே வரவில்லை. 'மாமா, நீங்க இங்கயே இருங்க' என்று சொல்லுமுன்னே வாசல் பக்கம் ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்காக இன்னொரு சமயம் வைட்டோமோ பக்கம் போனோம். அங்கே டிக்கெட் குகைதான் போக வேண்டும் என்பதில்லை. ருவாகுரி என்ற காட்டுப் பாதை இலவசம், ஓடையை ஒட்டி நடந்தால் ராத்திரியில் பாதை ஓரத்து மண்கரையிலேயே புழுக்கள் ஒளிரும், காட்டில் இருப்பவை இருட்டிய பிறகுதான் ஒளிரும் என்பதால் அங்கே இரவில் போக வேண்டும். இடையில் படிக்கட்டு உண்டு, மெதுவாகப் போகலாம். இன்னும் எளிது வேண்டுமென்றால் அதே வட்டாரத்தில் மங்கபோஹுவே இயற்கைப் பாலம். குகையின் கூரை இடிந்து விழுந்து மிஞ்சிய ஒரு வளைவு, 17 மீட்டர் உயரம், பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், கைப்பிடியும் உண்டு. ஆமாம், கைப்பிடி. வைக்கக்கூடிய இடத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள். அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் புல்வெளியில் கிடக்கும் பாறைகளில் பெரிய பெரிய சிப்பிகள் கல்லாகிப் பதிந்திருக்கின்றன, மாமனாருக்கு வளைவைவிட அதுதான் பிடித்தது, கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இலவசக் குகைகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்களே, அந்தக் கட்டத்தின் முதல் வரியாக மழையைப் போடுங்கள். இங்கே படிக்க வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளில் உங்கள் பக்கத்தைப் பார்த்து வார இறுதிக்கு இடம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். வாடகைக் காரை எடுத்துவிட்டோமே, முன்பணம் போய்விடுமே என்று மழையிலும் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஆக்லாந்திலிருந்து ஒரு வாசகி